கொக்கையில்லாத தடி

சென்ற மாதம் 14ஆம் திகதி, காலை பத்தரைக்கு அபி ரெலிபோன் எடுத்தாள். ரொறன்ரோவில் நான் இருபத்தேழு ஆண்டுகள் வேலை செய்த ஆவணக் காப்பகத்தில், என் பழைய மேசையில் இப்போது இருப்பவள் அவள். ஸ்காபரோவில் பிறந்த பிள்ளை.

"அங்கிள், பிஸியோ?"

"ரிட்டையர் ஆனவனுக்கு என்ன பிஸி? சொல்லு பிள்ளை."

"இப்ப ஃபோட்டோக்களுக்கு கொம்ப்யூட்டரே விவரம் எழுதுது, தெரியுந்தானே? நேற்று உங்கட நிஷி பெட்டியைப் போட்டன். சுவரோரம் வோக்கிங் ஸ்ரிக் எண்டு வந்திருக்கு. உங்கட அட்டையிலை வேறை என்னவோ இருக்கு. அதுக்கு மேலை ஒண்டை எழுதி வெட்டியும் இருக்கிறியள். ஸோ, வட் ஹப்பின்ட்?"

"அது கனக்கக் கதை."

"அப்ப எழுதித் தாங்கோ. நான் தமிழ் வாசிக்கக் கொஞ்சம் ஸ்லோ, ஆனா வாசிப்பன்."

வெட்டியது நான்தான். வெட்டிய திகதியும் அருகில் என் முதலெழுத்துகளும் இருக்கும். அந்தக் கோட்டின் கதையைத்தான் எழுதுகிறேன்.

காப்பகத்துக்கு நான் வந்தது 1992 மே மாதம். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் உணவகத்தில் கோப்பை கழுவினேன், வாகனத் தரிப்பிடத்தில் காவல் இருந்தேன். காப்பகத்திலும் முதலில் பெட்டி தூக்குகிற வேலைதான். பெட்டிகளை ஒழுங்கு மாறாமல் திருப்பி வைத்தேன் என்பதற்காக ஐந்தாம் ஆண்டில் என்னை மேசையில் இருத்தினார்கள். மேசை வேலை இதுதான்: யாரோ ஒருவர் தம் குடும்பத்துப் படங்களையும் கடிதங்களையும் கொண்டுவந்து தருவார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுத வேண்டும். என்ன, எங்கே, எப்போது. நூறு ஆண்டு கழித்து வருகிற ஒருவர் அந்த அட்டையை நம்பித்தான் பெட்டியைத் திறப்பார்.

என் மேலதிகாரி மிசிஸ் கோவாக். உயரமான பெண், பேச்சு குறைவு. பேனையோடு யாரும் அவருடைய அறைக்குள் போக முடியாது. வாசலில் ஒரு தகரப் பேணி இருக்கும், பேனையை அதில் போட்டுவிட்டுப் பென்சில் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். அட்டையை அவர் பிரித்திருந்த விதம் எனக்கு இன்றும் மனப்பாடம். முதல் பகுதியில் கண்ணால் கண்டது மட்டும். எழுதியதும், கண்டதோடு அறிந்தது கலக்காமலிருக்க, எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வர வேண்டும். இரண்டாம் பகுதியில் அறிந்தது: இடம், காலம், பெயர். நாமாக ஊகித்ததானால் பகர அடைப்புக்குள், கேள்விக்குறியோடு. மூன்றாம் பகுதியின் தலைப்பு ஒரு கேள்வி. "எப்படித் தெரியும்?"

அட்டையைக் கொண்டுபோனால் "பிழை" என்று சொல்லவே மாட்டார். பென்சிலை மேசையில் வைப்பார். "எப்படித் தெரியும்?" என்பார். அதைக் கேட்டதும் நானாகவே அட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்த நாட்கள் பல. கேள்வியில் குத்தல் இருக்காது. உண்மையிலேயே அறிய விரும்புகிறவர் கேட்கிற கேள்வி அது.

2013 பெப்ரவரியில் மிசிஸ் கோவாக் முழங்கால் சத்திரசிகிச்சைக்காக எட்டு வாரம் விடுமுறையில் இருந்தார். அந்த எட்டு வாரமும் என் அட்டைகளை நானே பார்த்து ஒப்பமிட்டேன். அப்போதுதான் மிஸ் நிஷி வந்தார்.

பள்ளியில் இசை கற்பித்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தேழு, திருமணம் செய்யவில்லை. அவருடைய தந்தை 1919இல், பதினெட்டு வயதில், ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஏதோ ஒரு தீவிலிருந்து கனடா வந்தவர். மேற்குக் கரையில் மீன்பிடி. 1942இல் ஜப்பானியக் குடும்பங்களைக் கரையிலிருந்து அப்புறப்படுத்தியபோது வீடும் படகும் கடதாசிகளும் போயின. போர் முடிந்து ரொறன்ரோ வந்து, தோட்டக்காரராக உழைத்து, 1981 நவம்பரில் இறந்தார். அவருடைய சாம்பல் ஒரு சிறு மண்பாண்டத்தில் மகளின் புத்தகத் தட்டில் இருந்தது.

மிஸ் நிஷி கொண்டுவந்தது ஒரு பிஸ்கற் தகரம். அதற்குள் நான்கு கறுப்பு வெள்ளைப் படங்களும், கடித உறையிலிருந்து வெட்டிய ஒரு சிறு துண்டும். அந்தத் துண்டில் ஒரு தபால்தலை. அதில் பனைபோலத் தலைவிரித்த சைக்கஸ் மரம்.

"போருக்குப் பிறகு அப்பாவின் தங்கை அனுப்பிய படங்கள்," என்றார். (அவர் பேசியதும் மிசிஸ் கோவாக் பேசியதும் ஆங்கிலம், தமிழில் தருகிறேன்.) "எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தபால்தலை சேர்த்தேன். தலையை நேர்த்தியாக வெட்டி எடுத்தேன். உறையைக் குப்பையில் போட்டேன். முகவரி அந்த உறையில்தான் இருந்தது."

வெட்டிய துண்டில் தபால் முத்திரையின் பாதி இருந்தது. உருப்பெருக்கியின் கீழ் வைத்தேன். ஆண்டு 1949. தபாலகத்தின் பெயர் இருந்த பாதியைக் கத்தரிக்கோல் கொண்டுபோய்விட்டது.

தந்தை அடிக்கடி சொன்ன ஒரேயொரு பெயர் கிக்காய் என்றார் மிஸ் நிஷி. அது உண்மையில் ஒரு தீவின் பெயர்தான். ஆகவே அதுவே ஊராக இருக்க வேண்டும். 2013 நவம்பரோடு முப்பத்துமூன்றாம் ஆண்டு. இறந்த ஆண்டையே முதலாவதாக எண்ணுவது அவர்கள் வழக்கம். முப்பத்துமூன்றாம் ஆண்டு வழிபாட்டோடு இறந்தவர் தனி மனிதராக இருப்பது முடிந்து, ஊரைக் காக்கும் முன்னோரோடு சேர்ந்துவிடுவார் என்பது அந்தத் தீவுகளின் நம்பிக்கை. அதற்கு முன் தந்தையை அவருடைய மண்ணில் வைக்க வேண்டும். அதற்கு ஓர் ஆதாரம் தேவை.

நான் வாசிக்கத் தொடங்கினேன். வாசிப்பில் எனக்கு எப்போதும் குறைவில்லை. ஜப்பானின் பெருநிலத்துக்கும் ஒக்கினாவாவுக்கும் நடுவே அமாமித் தீவுக்கூட்டம் இருக்கிறது. பனி விழாத ஊர்கள், பவளப்பாறைக் கடல், கரும்பு. ஒருகாலத்தில் ரியூக்யூ அரசின் கீழ் இருந்தன. 1609இல் வடக்கேயிருந்து சட்சுமா பிரபுக்கள் படையெடுத்து அவற்றைத் தமதாக்கினர். பின்னாளில் சீனிக்காகத் தீவார் கரும்பைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாதபடி கசக்கிப் பிழியப்பட்டார்கள். பஞ்சத்தில் சைக்கஸ் கொட்டையின் நஞ்சைக் கழுவி நீக்கி உண்டார்கள். தபால்தலையில் அந்த மரம் ஏன் என்பது அப்போது விளங்கியது. 1946 பெப்ரவரியில் இந்தத் தீவுகள் ஜப்பானிலிருந்து பிரிக்கப்பட்டு அமெரிக்கப் படை ஆட்சிக்குள் வந்தன. ஊரூராகக் கையெழுத்துச் சேர்த்துப் போராடி, 1953 டிசெம்பர் 25, நத்தார் தினத்தன்று திரும்ப இணைந்தன. 1949 முத்திரை அந்த இடைக்காலத்துக்குள் கச்சிதமாக விழுந்தது. காலத்தைக் கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது.

இடத்துக்கு வந்தேன். படங்களில் பவளக்கல் அடுக்கிய மதில்கள். சாந்து இல்லை, கல்மேல் கல். நான் நெடுந்தீவான். எங்கள் தீவின் வேலிகள் எல்லாம் அப்படித்தான். கிக்காய் பவளத்தாலான தட்டைத் தீவு என்றும் பவளக்கல் மதில்களுக்குப் பேர்பெற்றது என்றும் புத்தகத்தில் கண்டதும் எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. மதிலோரம் ஆளைவிட உயரமாக ஒரு தடி சாத்தியிருந்தது. நுனியில் கொக்கி கட்டிப் பழம் பறிக்கிற கொக்கத்தடி என்று எழுதினேன். கடல் தெரிகிற நான்காவது படத்தில் தொடுவானத்தருகே மங்கலாக ஒரு கோடு. படத்தாளில் கீறல் என்று பழுதுகள் பகுதியில் எழுதினேன். இடம்: கிக்காய். அடைப்பும் போடவில்லை, கேள்விக்குறியும் போடவில்லை. கை கழுவப் போனதாகவும் நினைவில்லை.

மிஸ் நிஷி அட்டையின் பிரதியைக் கிக்காயிலுள்ள ஒரு சிறு கோயிலுக்கு அனுப்பினார். ஊர்ப் பதிவில் அப்படியொரு குடும்பம் அகப்படவில்லை என்று பதில் வந்தது; ஆனாலும் ஓர் ஆவணக் காப்பகமே சொல்வதால், உறவினரற்றவர்களின் கல்லறையில் இடம் தருவதாகச் சொன்னார்கள். நவம்பர் 16ஆம் திகதிக்கு வழிபாடு குறிக்கப்பட்டது. விமானச் சீட்டும் எடுத்தாயிற்று.

செப்டெம்பர் 22, ஞாயிறு. அஜக்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் படங்களின் பிரதிகளைப் பரப்பி, தீவைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். என் மனைவி ரெஜினா எதிரே இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். அவள் மன்னார்.

"உதென்ன தடி?"

"கொக்கத்தடி."

"கொக்கை எங்கை?"

பார்த்தேன். கொக்கை இல்லை. மொட்டைத் தடி.

"நுனி தெளிவில்லை, ரெஜினா."

"நுனி வடிவாத்தான் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியேல்லை." ஒரு படத்தை இழுத்தாள். "இஞ்சை பாருங்கோ, இதிலையும் ஒண்டு. இந்த மூலையிலை இன்னொண்டு. ஒரு மாமரம், ஒரு கொய்யா காணேல்லை. கொக்கத்தடியை ஆர் றோட்டிலை வைச்சிட்டுப் போவினம்? பக்கத்து வீட்டுக்காரன் பழத்தோடை தடியையும் கொண்டுபோயிடுவான்."

"அங்கத்தைச் சனம் நல்ல சனமா இருக்கும்."

"உங்கட நெடுந்தீவுச் சனம் மாதிரியோ?" சிரித்தாள். பிறகு முறித்துக்கொண்டிருந்த காயை வைத்துவிட்டு மூன்று படங்களையும் அருகருகே தள்ளினாள். "இது வீட்டுத்தடி இல்லையப்பா. றோட்டுத்தடி. போற வாற ஆரும் எடுக்கத்தான் வைச்சிருக்கினம். ஓடிப்போய் வீட்டிலை எடுக்க நேரமில்லாத அலுவலுக்கு."

"அப்பிடி என்ன அலுவல்?"

"பாம்புதான். வேறை என்ன?"

எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தேன். எல்லாம் அதில் இருந்தது. நான் பழமரங்களைப் பற்றிய பக்கங்களில் தேடியதால் கண்ணில் படவில்லை. ஹபு என்பது அந்தத் தீவுகளின் விஷப்பாம்பு. எங்கள் புடையன் பாம்பைப்போல ஆளைக் கொல்லக்கூடியது. ஊர்ச் சந்துகளில் மதிலுக்கு மதில் நீண்ட தடி சாத்தி வைத்திருப்பார்கள்; பாம்பைக் கண்டவர் அருகிலுள்ள தடியை எடுப்பார், அடித்துவிட்டு அதே இடத்தில் வைப்பார். அடுத்த பத்தியை நின்றபடியே வாசித்தேன். மலையுள்ள பெருந்தீவான அமாமியில் ஹபு உண்டு. ஒருகாலத்தில் கடலுக்குள் கிடந்து பின்னர் எழுந்த தட்டைத் தீவுகளில் இல்லை. கிக்காயில் இல்லை.

பாம்பில்லாத தீவில் யாரும் மூலைக்கு மூலை தடி வைக்கமாட்டார்கள்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிப் போச்சு?"

"நான் ஒரு மனுசனைப் பிழையான தீவிலை புதைக்கப் பாத்திருக்கிறன், ரெஜினா."

அவள் பயற்றங்காயைக் கையில் எடுக்கவில்லை. "இன்னும் புதைக்கேல்லைத்தானே?" என்றாள். "நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ."

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு மிசிஸ் கோவாக்கின் அறை வாசலில் பேனையைப் பேணிக்குள் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை வாங்கிக் கடைசி வரை வாசித்தார். மூன்றாம் பகுதியில் நான் எழுதியிருந்தது ஒரு வரி: மதில்களின் அமைப்பு.

"உங்கள் ஊரில் இப்படி மதில் உண்டா?"

"உண்டு."

"அப்படியானால் இந்தப் படம் உங்கள் ஊராகவும் இருக்கலாம்," என்றார். கோபம் இல்லை. பிறகு, "அவருக்கு நீங்களே சொல்ல வேண்டும். கடிதத்தில் அல்ல. அவரை இங்கே வரச் சொல்லுங்கள். மூலப் படங்களையும் எடுத்து வையுங்கள்," என்றார்.

மிஸ் நிஷி புதன்கிழமை வந்தார். மேலங்கியைக் கழற்றாமலே கேட்டார். நான் சொல்லி முடித்ததும், படம் தொடப் போட்டிருந்த என் கையுறைகளைப் பார்த்தபடி சொன்னார்.

"நீங்கள் எழுதினீர்கள். நான் நம்பினேன். எனக்கு எழுபத்தேழு வயது. இரண்டாம் தடவை ஜப்பான் போகப் போவதில்லை."

"என் பிழைதான்."

"அது எனக்கு என்ன உதவி? அப்பா கிக்காய் என்று சொன்னதை என் காதால் கேட்டேன். தடியை வைத்து அவரைப் பொய்யர் ஆக்குகிறீர்களா?"

மிசிஸ் கோவாக் என்னைக் காப்பாற்ற முயலவில்லை. பென்சிலை மேசையில் வைத்தார்.

"அவர் அதை எப்போது சொல்வார், மிஸ் நிஷி?"

"எப்போதும் சொல்வார்."

"ஒரு தடவையை நினைத்துப் பாருங்கள். எங்கே நின்றார்?"

மிஸ் நிஷி யோசித்தார். "ஏரிக்கரையில். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை விடியுமுன் கூட்டிப்போவார். சூரியன் தண்ணீரிலிருந்து எழும்பும்போது கையை நீட்டி, அதோ கிக்காய், என்பார். அங்கே ஒன்றும் இருக்காது. வெறும் ஏரி." இதைச் சொல்லும்போது அவருடைய கை தானாக நீண்டிருந்தது. நீண்ட கையைப் பார்த்து நிறுத்தினார்.

கிக்காயிலேயே வளர்ந்தவருக்கு அது தண்ணீருக்கு அப்பால் தெரிந்திருக்காது; அக்கரையிலிருந்து பார்த்தவருக்குத்தான் அப்படித் தெரியும்.

மிசிஸ் கோவாக் நான்காவது படத்தைக் கேட்டார். அதைக் கறுப்புத் துணியில் வைத்து, அறை விளக்கை அணைத்து, சிறு விளக்கொன்றை மேசையோடு மேசையாகப் பதித்துப் பிடித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் தாளின் மேடுபள்ளம் எல்லாம் எழும்பி நிற்கும். கீறல் என்றால் மயிரிழைபோல மின்னும். மூலையிலிருந்த மெய்யான கீறல்கள் இரண்டு மின்னின. தொடுவானக் கோடு மின்னவில்லை. விளக்கை நாலு பக்கமும் மாற்றிப் பிடித்தார். மின்னவே இல்லை.

"இது தாளில் இல்லை. படத்துக்குள் இருக்கிறது," என்றார்.

உருப்பெருக்கியை மிஸ் நிஷியிடம் கொடுத்தேன். நீண்ட, தட்டையான, மலையில்லாத ஒரு நிலம். கிக்காயில் நின்று பார்த்தால் எதிரே அமாமியின் மலைகள் தெரிய வேண்டும். தட்டையான தீவு தெரிகிறதென்றால் படம் எடுத்தவர் அமாமியின் வடகிழக்குக் கரையில் நின்றிருக்கிறார். சிறுவனாக மிஸ் நிஷியின் தந்தை ஒவ்வொரு காலையும் கண்டது கிக்காயின் மேல் எழுந்த சூரியனை. ரொறன்ரோவில் அவருக்குக் கிடைத்தது சூரியன் மட்டுந்தான். தீவைத் தானே கையால் வைத்திருக்கிறார்.

மிஸ் நிஷி மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டார். "சரி. ஏழு வாரம் இருக்கிறது. யாருக்கு எழுத வேண்டும்?"

அன்று பிற்பகலே எழுதினோம். பல்கலைக்கழக மாணவி ஒருத்தி ஜப்பானிய மொழியில் ஆக்கித் தந்தாள். அமாமியின் வடபகுதி நகர அலுவலகத்துக்கு, நான்கு படங்களும் தந்தையின் பெயரும் அவர் புறப்பட்ட ஆண்டும். இம்முறை இடத்தை அடைப்புக்குள் கேள்விக்குறியோடு போட்டேன். கிக்காய்க் கோயிலுக்கும் என் பிழையை ஒப்புக்கொண்டு தனியாக எழுதினேன். அவர்கள் இரண்டு வரியில் பதில் அனுப்பினார்கள்: அவர் தம் வீட்டைக் கண்டால் எங்களுக்கும் மகிழ்ச்சி, அன்று காலை இங்கிருந்து அக்கரையைப் பார்த்துக் கும்பிடுவோம்.

அமாமியிலிருந்து மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. நான் மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடித்துக்கொண்டு மின்னஞ்சலைப் பார்த்தபடி இருந்தேன்.

ஒக்டோபர் 21 வந்தது. ஊர்த் தலைவர் ஒருவர் எழுதியிருந்தார். படங்களை ஊர் மண்டபத்தில் ஒட்டியபோது, எண்பது வயதான ஒருவர் மூன்றாவது படத்தின் முன் வந்து நின்று, இது எங்கள் வளவு மூலை, படத்தில் இருப்பவர் என் அம்மா, என்றாராம். அம்மாவின் அண்ணன் கனடா போய், போருக்குப் பிறகு ஒரே ஒரு கடிதம் போட்டாராம். அம்மா பதிலோடு படங்களும் அனுப்பினார். பிறகு தொடர்பில்லை. கடிதத்தோடு ஒரு புதுப் படமும் இணைத்திருந்தார். சந்துக்குச் சீமெந்து போட்டிருந்தது. மதில் அதே மதில். மூலையில் தடியும் இருந்தது. இப்போது அது பிளாஸ்ரிக் குழாய்.

வீட்டில் ரெஜினாவிடம் சொன்னேன்.

"அப்ப அந்த அம்மாவின்ர மகனுக்கு மிஸ் நிஷி என்ன முறை?"

"மாமான்ர மகள். மச்சாள்."

"அப்பிடிச் சொல்லுங்கோ. எழுபத்தேழு வயசிலை மனுசிக்கு ஒரு மச்சான் கிடைச்சிருக்கிறார்!" என்றாள். "தடியைக் கண்டுபிடிச்சது ஆரெண்டும் அந்த அட்டையிலை எழுதுங்கோ."

எழுதினேன். பழைய வரியை அழிக்கவில்லை. ஒற்றைக் கோட்டால் வெட்டினேன், வாசிக்கக்கூடியதாக. கீழே: பாம்புத்தடி, பொதுப் பாவனைக்கு. எப்படித் தெரியும்: கொக்கை இல்லை, மூன்று மூலைகளிலும் உண்டு, மரம் இல்லை, சுட்டிக்காட்டியவர் ரெஜினா, என் மனைவி. மிசிஸ் கோவாக் அதை வாசித்துவிட்டு, தன் முதலெழுத்துகளையும் பக்கத்தில் வைத்தார். பெப்ரவரி அட்டையைத் தான் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காக என்றார்.

அபி, கொம்ப்யூட்டர் சொன்ன வோக்கிங் ஸ்ரிக்கைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. நான் சொன்னது அதைவிட மோசம். அதனிடமும் மூன்றாம் பகுதியைக் கேள். அது சொல்லாவிட்டால் நீ பார்த்து எழுது. பழையதை அழிக்காதே.

மிஸ் நிஷி டிசெம்பர் நடுவில் காப்பகத்துக்கு வந்தார். அமாமியில் தந்தையை வைத்த வழிபாட்டைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. மச்சான் பாடினார், தனக்குச் சுருதி பிடிபட நேரமெடுத்தது என்றார். எண்பது வயதிலும் மச்சான் மூங்கில் போல நிமிர்ந்து நடக்கிறார் என்றார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து, பெட்டியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். விடியற்காலைக் கடல். தூரத்தில் தட்டையாக ஒரு நிலம். அதற்குச் சற்று மேலே சூரியன்.

அதை மிசிஸ் கோவாக்கிடம் கொண்டுபோனேன். முன்பக்கத்தைப் பார்த்தார், பிறகு திருப்பினார். பின்பக்கத்தில் ஓர் ஆசிரியையின் உருண்டைக் கையெழுத்து, பென்சிலால். பென்சில் கையில் இருந்தும் மிசிஸ் கோவாக் அன்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்கு வரிகள் இருந்தன.

கண்டது: கடல், சூரியன், கிக்காய்.
இடம்: அப்பாவின் ஊர்க் கரை.
காலம்: 2013 நவம்பர் 16, சனிக்கிழமை, காலை.
எப்படித் தெரியும்: நான் அங்கே நின்றேன்.